சாத்திய சன்னலும் நம் மனச்சான்றும்

கடுங்குளிரில் ஒரு சன்னலைச் சாத்துவது குற்றமாகுமா? இப்படி ஒருவர் கேட்டால் நாம் நகைப்போம். குளிரில் நடுங்கும் முதியவர் ஒருவருக்காகச் சாத்தினால் அது அன்புச் செயல் என்றே சொல்வோம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். 2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து மாலைப்பொழுது ஒன்று அந்த எண்ணத்தைக் குலைத்துவிட்டது. அன்று எழுந்த கேள்வி இன்றுவரை நம்மை விடவில்லை. அதனை வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கவே இக்கட்டுரை.

அப்போது நாம் ஜெர்மனி நாட்டின் பவேரியா மாநிலத்தில் ஒரு சிற்றூர்ப் பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். அங்கே குருக்களின் எண்ணிக்கை குறைந்துவருவதால், நம் நாட்டிலிருந்து சென்ற குருக்கள் பலர் அந்நாட்டு மறைமாவட்டங்களில் பணிபுரிவதை வாசகர்கள் அறிவர். திருவருகைக் காலத்தில் முதியோரைப் பங்கு மண்டபத்தில் கூட்டி, காப்பியும் உலர்ந்த பழங்கள் இட்ட ரொட்டியும் கொடுத்து, பழைய கிறிஸ்மஸ் பாடல்களைச் சேர்ந்து பாடுவது அவ்வூர் வழக்கம். பெருந்தொற்றின் காரணமாக இரண்டு குளிர்காலங்கள் அது நடைபெறவில்லை. எனவே அவ்வாண்டு நாற்பது பேர்வரை ஆவலோடு வந்திருந்தனர். கைத்தடியோடு வந்தவர்களும், பேரப்பிள்ளைகளின் கைபிடித்து வந்தவர்களும் இருந்தனர்.

வெளியே பனி உறைந்திருந்தது. மண்டபத்துச் சன்னலின் சட்டத்தில், 20 நிமிடத்திற்கு ஒருமுறை திறந்துவைக்குமாறு கேட்கும் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. பெருந்தொற்று ஆண்டுகளில் ஒட்டியது, ஓரங்கள் சுருண்டிருந்தன. பங்குப் பேரவையைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் அதன்படியே எழுந்து சன்னல்களைத் திறந்தார். முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் மேலங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "தந்தையே, இந்த ஆண்டு எரிவாயு விற்கும் விலையில் நாம் வானத்தையா சூடாக்கிக்கொண்டிருக்கிறோம்?" என்றார். எல்லாரும் சிரித்தனர். நாமும் சிரித்துக்கொண்டே எழுந்து சன்னல்களைச் சாத்தினோம். அதன்பின் அவை திறக்கப்படவே இல்லை. இரண்டு மணி நேரம் பாடினோம். மூச்சின் ஈரம் சன்னல் கண்ணாடிகளில் படிந்து, கோடுகோடாக வழிந்தது. அது எவ்வளவு இதமாக இருந்தது என்பது இன்னும் நினைவில் இருக்கிறது.

ஒரு வாரத்திற்குள் அங்கு வந்தவர்களில் பத்துப் பேருக்கு மேல் காய்ச்சலில் படுத்தனர். எண்பத்தேழு வயது அம்மையார் ஒருவர் நுரையீரல் அழற்சியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, சனவரித் தொடக்கத்தில் இறந்தார். அடக்கத் திருப்பலிக்குப் பின் அவருடைய மகள் நம் கைகளைப் பற்றிக்கொண்டு, "அம்மாவின் கடைசி மகிழ்ச்சி அந்த மாலைதான், தந்தையே, நன்றி" என்றார். நமக்கு நாவெழவில்லை.

காற்றில் மிதப்பவை

அந்தக் குளிர்காலத்தில் ஜெர்மனி முழுவதும் காய்ச்சல் பரவியிருந்தது. இன்ஃபுளுயென்சா, கொரோனா, குழந்தைகளைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. ஆகிய மூன்றும் ஒன்றாய்ச் சேர்ந்து வந்தன. குழந்தைகள் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. அந்த அம்மையார் கடையிலோ பேருந்திலோ நோயைப் பெற்றிருக்கலாம். மருத்துவரும் அப்படித்தான் சொன்னார். ஆயினும் ஒரு மூடிய அறையில் என்ன நடக்கிறது என்பதை அறிந்தபின், அந்த ஆறுதல் நமக்குப் போதுமானதாக இல்லை.

நாம் மூச்சு விடும்போதும், பேசும்போதும், அதனினும் மிகுதியாகப் பாடும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வெளிவருகின்றன. பெரிய துளிகள் உடனே தரையில் விழுந்துவிடும். மிக நுண்ணியவையோ புகைபோல் அறையெங்கும் பரவி நெடுநேரம் மிதக்கும். நோயுற்றவரின் மூச்சாயின் அவற்றில் வைரஸ் கிருமியும் இருக்கும். திறந்தவெளியில் அவை காற்றோடு கலந்து நீர்த்துப்போகும். மூடிய அறையில் அவை போவதற்கு இடமில்லை. ஆகவே சேர்ந்துகொண்டே போகும்.

குளிர்காலம் இதனை இருமடி கடினமாக்குகிறது. குளிருக்கு அஞ்சிக் கதவையும் சன்னலையும் அடைக்கிறோம் என்பது ஒன்று. குளிர்ந்த காற்று மிகக் குறைந்த ஈரத்தையே தாங்கும் என்பது மற்றொன்று. உறைநிலையில் உள்ள வெளிக்காற்றை உள்ளே கொண்டுவந்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் ஏறத்தாழ கால் பங்குக்கு இறங்கிவிடும். அந்த வறட்சியில் துளிகள் விரைவில் உலர்ந்து, இன்னும் சிறுத்து, இன்னும் நெடுநேரம் மிதக்கின்றன. நம் மூக்கின் உட்சவ்வும் உலர்ந்து தன் காவல் வன்மையை இழக்கிறது. 2007-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் கினிப்பன்றிகளை வைத்து நடத்திய ஆய்வில், குளிர்ந்த வறண்ட காற்றில் இன்ஃபுளுயென்சா எளிதாகப் பரவுவதும், ஈரம் மிகுந்தால் அப்பரவல் குன்றுவதும் தெளிவாயின.

இதன் விளைவை உலகம் ஒரு பாடற்குழுவின் மூலம் கண்டது. 2020 மார்ச் 10-ஆம் நாள், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் என்னும் ஊரில், ஒரு தேவாலய மண்டபத்தில் 61 பேர் கூடி இரண்டரை மணி நேரம் பாடிப் பழகினர். வாயிலில் கைகளைத் தூய்மை செய்யும் திரவம் வைக்கப்பட்டிருந்தது. கைகுலுக்குவதையும் தழுவுவதையும் தவிர்த்தனர். தாங்கள் அறிந்த கவனத்தையெல்லாம் அவர்கள் மேற்கொண்டனர். ஆயினும் 53 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். கைகளைக் காத்தவர்கள் காற்றைக் காக்கவில்லை. ஏனெனில் அதனை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அறிஞர் மறந்த பாடம்

யாரும் சொல்லவில்லை என்பதே ஒரு நெடுங்கதை. நாம் வாழ்ந்த அதே பவேரியாவின் தலைநகரான மியூனிக்கில், பெட்டன்கோஃபர் என்னும் அறிஞர் 1858-ஆம் ஆண்டிலேயே அறைக்காற்றை அளந்து ஒரு நெறி வகுத்தார். மனிதர் வெளிவிடும் மூச்சில் கரியமிலவாயு மிகுதியாக உண்டு. அறையில் அது ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், அங்கே உள்ளவர் ஒருவர் மற்றவரின் மூச்சை மிகுதியாக உட்கொள்கிறார் என்பதற்கு அதுவே அடையாளம் என்றார். அவ்வளவில் அது நஞ்சன்று. ஆனால் நம்பத்தக்க சான்று. இன்றும் அவர் சொன்ன அளவையே பலர் எல்லையாகக் கொள்கின்றனர்.

ஆனால் காற்றை அறிந்த அதே அறிஞர் நீரைப் பற்றித் தவறினார். காலரா நீரின் வழியே வரும் ஒரு கிருமியால் மட்டும் பரவுகிறது என ராபர்ட் கோக் கூறியதை அவர் ஏற்கவில்லை. 1892-இல் காலராக் கிருமிகள் நிறைந்த திரவத்தைத் தாமே குடித்துக் காட்டினார், பெருந்தீங்கின்றிப் பிழைத்தார். அதே ஆண்டில் ஹாம்பர்க் நகரில் 8,000-க்கும் மேற்பட்டோர் காலராவால் மடிந்தனர். எல்பே ஆற்று நீரை அந்நகரம் வடிகட்டாமல் வழங்கியது. அதனை ஒட்டியிருந்த அல்டோனா நகரம் அதே ஆற்றின் நீரை மணற்படுகையில் வடிகட்டி வழங்கியது. அங்கே சாவு மிகக் குறைவு.

அந்தத் தோல்விக்குப் பின் மருத்துவ உலகம் எதிர்த்திசையில் சாய்ந்தது. கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்ற பழைய கொள்கை வீழ்ந்ததும், காற்றின் வழி நோய் பரவும் என்ற எண்ணமே மூடநம்பிக்கைபோல் பார்க்கப்பட்டது. 1910-இல் அமெரிக்கப் பொதுநல மருத்துவர் சார்லஸ் சாப்பின், தொடுதலும் அண்மையுமே நோயைப் பரப்புகின்றன, காற்றுவழிப் பரவல் அரிது என வாதிட்டார். வில்லியம் வெல்ஸ் என்னும் பொறியியலார் 1930-களில் இதனை மறுத்து, உலர்ந்த நுண்துளிகள் காற்றில் மிதப்பதைக் காட்டினார். பிலடெல்பியாவில் பள்ளி வகுப்பறைகளின் மேற்பகுதியில் புறஊதாக் கதிர் விளக்குகளைப் பொருத்தினார். 1941-இல் தட்டம்மை பரவியபோது அவ்வகுப்பறைகளில் அது கணிசமாகக் குறைந்திருந்தது. பின்னர்ப் பிற இடங்களில் செய்த முயற்சிகள் அத்துணைப் பயன் தரவில்லை. வகுப்பறைக்கு வெளியே, பேருந்துகளிலும் பிள்ளைகள் ஒரே காற்றைச் சுவாசித்தனர் அல்லவா! ஆகவே அவருடைய பணி பெரும்பாலும் ஓரங்கட்டப்பட்டது.

2020 மார்ச் 28-ஆம் நாள், கொரோனா காற்றில் பரவுவதன்று என்று உலக நலவாழ்வு நிறுவனம் உறுதியாக அறிவித்தது. சூலை மாதத்தில் 239 அறிவியலார் கையொப்பமிட்டு அதனை எதிர்த்தனர். நிறுவனம் தன் விளக்கத்தை மாற்றி எழுத 2021 ஆயிற்று. பெட்டன்கோஃபரும் அறிஞரே, சாப்பினும் அறிஞரே. ஒருவர் தாம் கண்டறிந்த ஓர் உண்மையைக் கொண்டே மற்ற உண்மையை மறுத்துவிட்டார். கற்றவர்க்கு நேரும் இச்சோதனை மறைக்கல்வி கற்ற நமக்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அறியாமையின் இரு வகை

குருத்துவக் கல்லூரியில் அறநெறி இறையியல் கற்றபோது, அறியாமையை இரண்டாகப் பகுத்துச் சொன்னார்கள். எவ்வளவு முயன்றாலும் வெல்ல இயலாத அறியாமை ஒன்று. சற்று முயன்றால் வென்றிருக்கக்கூடிய அறியாமை மற்றொன்று. முன்னதற்குக் குற்றமில்லை, பின்னதற்கு உண்டு. மவுண்ட் வெர்னன் பாடகர்கள் முதல் வகையினர். அவர்களை எவரும் பழிக்க முடியாது.

நாம் எவ்வகை? 2022-இல் நமக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. தாள் சன்னலிலேயே ஒட்டியிருந்தது. நமக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அந்த நேரத்தில் தெரியாதவர்போல் இருப்பது எளிதாக இருந்தது. முதியவரின் நடுக்கம் கண்முன்னே தெரிந்தது. அம்மையாரின் நோயோ அப்போது எங்கும் தெரியவில்லை. காணும் துன்பத்திற்கு நம் நெஞ்சம் உடனே இரங்குகிறது. காணாத துன்பத்திற்கு இரங்க அறிவின் துணை வேண்டும். இரக்கம் மட்டும் போதாது, விவேகமும் வேண்டும் என நம் மரபு விவேகத்தை நற்பண்புகளுக்கெல்லாம் வழிகாட்டியாக வைத்திருப்பதன் பொருள் அன்றுதான் நமக்கு விளங்கியது.

"நோய் அங்கிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன சான்று?" என்று நண்பரான குரு ஒருவர் கேட்டார். சான்று இல்லை, இனியும் கிடைக்கப்போவதில்லை. ஆனால் அதே அறநெறி வகுப்பில் ஒரு பழைய எடுத்துக்காட்டும் கற்றோம். புதரில் அசைவது மானா மனிதனா என்று வேடனுக்கு ஐயம். அவன் அம்பு எய்யலாமா? கூடாது, உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் ஐயம் இருக்குமாயின் பாதுகாப்பான வழியையே தேர்ந்தெடுக்க வேண்டும். அம்பு மானைத் தைத்தது எனப் பின்னர்த் தெரியவந்தாலும், எய்த நேரத்தில் அவன் செய்தது தவறே. அதுபோல, அம்மையார் நோயை வேறெங்கோ பெற்றிருந்தாலும் நாம் சன்னலைச் சாத்தியது சரியாகிவிடாது. சாத்தியது தவறாயினும், அவர் இறப்புக்கு நாமே காரணம் என்று உறுதிகூறவும் இயலாது. இவ்விரண்டையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு வாழ்வதுதான் நமக்கு விதிக்கப்பட்டுள்ளது.

யார் பொறுப்பு?

இங்கே சிலர் வேறொரு விடை சொல்வர். "நோய்க்கு அஞ்சுபவர் முகக்கவசம் அணியட்டும், அல்லது வீட்டில் இருக்கட்டும். எல்லாரும் ஏன் குளிரில் நடுங்க வேண்டும்?" என்பர். நேர்மையான கேள்விதான். நல்ல முகக்கவசம் காக்கும், தடுப்பூசியும் காக்கும். காய்ச்சல் உள்ளவர் வீட்டில் தங்குவது கடமை. ஆனால் நோய்க்கு அறிகுறி தோன்றுமுன்னரே பலர் அதனைப் பரப்பிவிடுகின்றனர். தம் மூச்சில் என்ன இருக்கிறது என்று அவர்களே அறியார். மேலும், வலுவற்றவர் வீட்டில் இருக்கட்டும் என்பது, அந்த மண்டபம் யாருக்காகத் திறக்கப்பட்டதோ அவர்களையே வெளியே நிறுத்துவதாகும். இரண்டு குளிர்காலம் தனித்திருந்த அந்த அம்மையாருக்கு அந்த மாலை எவ்வளவு தேவையாயிருந்தது என்பதை மகளின் சொற்கள் காட்டின. பாடலும் கூட்டமும் அவருக்கு வேண்டாதவை அல்ல. அவை அவருக்குத் தீங்கின்றிக் கிடைத்திருக்க வேண்டும்.

ஹாம்பர்க் மக்களிடம், "ஒவ்வொருவரும் நீரைக் காய்ச்சிக் குடியுங்கள், நகராட்சிக்குப் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட முடியுமா? காய்ச்சிக் குடிப்பது நல்லதே. ஆயினும் விறகு வாங்க இயலாத ஏழை என்செய்வான்? அல்டோனா தன் நீரை வடிகட்டியபோது, செல்வனுக்கும் ஏழைக்கும் கவனமுள்ளவனுக்கும் கவனமற்றவனுக்கும் ஒரே காப்பைத் தந்தது. பொதுநலன் என்று திருச்சபையின் சமூகப் போதனை கூறுவது இதனையே. குடிநீரில் இன்று இதனை யாரும் மறுப்பதில்லை. அறைக்காற்றோ இன்னும் அவரவர் பாடாகவே விடப்பட்டிருக்கிறது. ஓர் அறையைத் திறந்து பிறரை உள்ளே அழைப்பவர் அதன் காற்றுக்கும் பொறுப்பேற்கிறார். அவர் பங்குத்தந்தையாயினும் பள்ளித் தலைமையாசிரியராயினும் மருத்துவமனை நிர்வாகியாயினும் இது பொருந்தும். மூச்சு விடும் எவரும் குற்றவாளி அல்லர். சன்னலின் திறவுகோல் யார் கையில் இருக்கிறதோ அவர்தாம் கணக்குக் கொடுக்க வேண்டும்.

முதியவரின் குறையும் பொய்யன்று. உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடுத்தபின், அந்தக் குளிர்காலத்தில் எரிவாயு விலை தாங்கொணாததாயிற்று. பொதுத்துறை அலுவலக அறைகளை 19 டிகிரிக்கு மேல் சூடாக்கலாகாது என்று ஜெர்மன் அரசே விதித்திருந்தது. கதகதப்பும் ஏழையின் உரிமையே. இரண்டு நன்மைகள் ஒன்றோடொன்று மோதுவதுபோல் தோன்றும் இடத்தில்தான் மனச்சான்றுக்கு வேலை உண்டு.

கடிகாரமும் போர்வையும்

உண்மையில் அவை நாம் எண்ணிய அளவுக்கு மோதுவதில்லை என்பதைப் பின்னர்தான் கற்றோம். சன்னலை ஓரமாய்ச் சாய்த்து நாள்முழுதும் வைத்திருந்தால் சுவர் குளிர்ந்து வெப்பம் வீணாகும். காற்றோ மெதுவாகவே மாறும். அதற்கு மாறாக, எதிரெதிர்ச் சன்னல்களை முழுவதும் திறந்து சில நிமிடங்களில் மூடிவிட்டால், காற்று மாறிவிடும். சுவரும் தளவாடங்களும் தம் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும். அறை விரைவில் மீண்டும் சூடாகும். குளிர்காலத்தில் வகுப்பறைகளை 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 3 முதல் 5 நிமிடம் இப்படித் திறக்குமாறு ஜெர்மன் சுற்றுச்சூழல் துறை 2020-இல் அறிவுறுத்தியிருந்தது. சன்னலில் ஒட்டியிருந்த தாள் அதன் எளிய வடிவமே. வெளிக்காற்றை அதிகம் உள்ளே விட இயலாத இடத்தில், அறைக்காற்றையே இழுத்து வடிகட்டித் திருப்பித் தரும் கருவிகளும் உண்டு. அமெரிக்காவில் இருவர், சதுர மின்விசிறி ஒன்றையும் நான்கைந்து வடிகட்டிகளையும் ஒட்டுநாடாவால் இணைத்து, குறைந்த செலவில் செய்யத்தக்க ஒரு பெட்டியை 2020-இல் வடிவமைத்தனர். பள்ளிகள் பல அதனைச் செய்து பயன்படுத்தின.

பங்கின் பணத்தில் கரியமிலவாயுவை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி மண்டபத்தில் வைத்தோம். வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 420 பங்கு கரியமிலவாயு உண்டு. நாம் வெளிவிடும் மூச்சில் நூற்றுக்கு 4 பங்கு. அறையில் கருவி 2,400 எனக் காட்டினால், அங்கே ஒருவர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் இருபதில் ஒரு பங்கு ஏற்கெனவே யாரோ ஒருவரின் நுரையீரலுக்குள் இருந்து வந்தது என்று பொருள். முதல் கூட்டத்தில் அரைமணி நேரத்திற்குள் கருவி 1,000-ஐத் தாண்டியதைக் கண்டு எல்லாரும் வியந்தனர். சன்னல்களைத் திறந்ததும் அவர்கள் கண்முன்னே எண் இறங்கியது. காணாததைக் காணும்படி செய்த அந்தச் சிறு கருவி, நம் மறையுரைகளைவிட நன்றாகப் போதித்தது.

மறு ஆண்டுத் திருவருகைக் காலத்தில் நாற்காலிகளில் போர்வைகளை வைத்தோம். பாடல்களைக் குறைத்து இடையிடையே பிரித்தோம். சன்னலுக்கு யார் பொறுப்பு என்று கேட்டபோது, முன்பு வானத்தைச் சூடாக்குகிறோமா என்று கேட்ட அதே முதியவர் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு முறையும் முணுமுணுத்துக்கொண்டேதான் எழுந்தார். ஆனால் ஒருமுறைகூட நேரம் தவறவில்லை.

இப்போது நாம் தாயகம் திரும்பிவிட்டோம். வாசகர்களின் பிள்ளைகள் பலர் டொராண்டோவிலும் இலண்டனிலும் குளிருக்கு அஞ்சி வீட்டை அடைத்து வாழ்கின்றனர். இங்கே நாமோ வெயிலுக்கு அஞ்சி, குளிரூட்டிய மண்டபங்களையும் சிற்றாலயங்களையும் அடைக்கத் தொடங்கியிருக்கிறோம். பல குளிரூட்டிகள் அறைக்காற்றையே சுழற்றுகின்றனவேயன்றிப் புதுக்காற்றை உள்ளே கொணர்வதில்லை. மூடிய அறையின் விதி இரண்டு நாட்டிற்கும் ஒன்றே.

அந்த அம்மையாரின் மகளிடம் நாம் சன்னலைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னும் தெளிவில்லை. அவருடைய ஆறுதலைப் பறித்து நம் சுமையை இறக்கிவைப்பது முறையாகத் தோன்றவில்லை. ஆனால் அடுத்தமுறை முதியோரை ஓர் அறைக்குள் அழைக்கும் வாசகர் எவரும், நாற்காலிகளை எண்ணுமுன் சன்னல்களை எண்ணுவாராயின், அந்த மகளுக்குச் சொல்லாமல் விட்டதில் ஒரு பகுதியையேனும் சொன்னவராவோம்.